தாத்தாவின் ஃபோல்டிங் கேமராவை விற்றுவிட வேண்டாம்

மரக்காணம், திண்டிவனம், புதுச்சேரி, கடலூர் பக்கம் ஒரு காலத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்திய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,



உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு கறுப்புத் தோல் பெட்டி இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழும். துருத்தியோடு லென்ஸை முன்னால் இழுத்து நிறுத்தலாம். அதைக் கேட்டு இப்போது ஆட்கள் வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதிது புதிதாகத் திறக்கும் ஓட்டல்களுக்கும் காபிக் கடைகளுக்கும் அலமாரியில் அடுக்கப் பழைய பொருள் தேவைப்படுகிறது. கிராமபோன், டைப்ரைட்டர், பக்கத்தில் உங்கள் தாத்தாவின் கேமரா. கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடலாமா என்று உங்களில் சிலர் என்னிடம் விசாரித்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லாமல் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். கொடுக்க வேண்டாம். அந்தப் பெட்டி இன்னும் படம் எடுக்கும். அதுவும் சாதாரணப் படம் இல்லை. ஒரே கிளிக்கில், ஒரே நெகடிவில், 14 செ.மீ. நீளத்துக்கு விழும் பனோரமா.

எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதைச் சூழ்ந்த காடும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குலதெய்வம் என்று வருகிறவர்கள் அநேகம். இங்கிருந்து மரக்காணம் நோக்கி வடக்கே போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே போகிறது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி, அது கடலோடு சேரும் எடையன்திட்டுக் கழிமுகம், அப்புறம் உப்பளம். இந்த உப்பளத்தைச் சாதாரணக் கேமராவில் எடுத்துப் பாருங்கள். பாதிப் படம் வெறும் வானம், கீழே காலடிச் சேறு. நாம் பார்க்க வந்ததெல்லாம் நடுவில் ஒரு பட்டையாக ஒடுங்கிக் கிடக்கும்: ஒன்றையடுத்து ஒன்றாகப் பாத்திகள், அவற்றைப் பிரிக்கும் வரப்பு, வரப்பின் மேல் கூடையோடு நடக்கும் பெண்கள், தள்ளி ஒரு உப்புக் குவியல். இந்த மண்ணுக்கு நீளமான சட்டம் வேண்டும்.

போனிலேயே பனோரமா இருக்கிறதே என்பீர்கள். போன் பல படங்களை எடுத்து ஒட்டுகிறது. அசையாத கோபுரத்துக்கு அது போதும். உப்பு வாருகிறவர் அசைந்துகொண்டே இருக்கிறார். பலகையைத் தள்ளுகிறார், இழுக்கிறார், நிமிர்கிறார். ஒட்டிய படத்தில் அவருடைய தோள் ஒரு நொடியிலும் முழங்கை அடுத்த நொடியிலும் நிற்கும். சில நேரம் கையே காணாமல் போகும். ஒரு மனிதரின் உழைப்பைப் படம் எடுக்கிறோம் என்றால், அவர் உடம்பு முழுசாக ஒரே கணத்தில் விழுந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

பிலிமிலும் எல்லாப் பனோரமாக் கேமராவும் இந்த இடத்துக்குச் சரிவராது. 1899இல் கோடாக் வெளியிட்ட பனோரம் கேமராவில் லென்ஸ் பக்கவாட்டில் சுழன்று, உள்ளே வளைத்து வைத்த பிலிமின் மேல் படத்தை வரைந்துகொண்டே போகும். பிற்காலத்து வைடலக்ஸ், ஹொரைசான் எல்லாம் அதே வழி. அகலம் அள்ளித் தரும். ஆனால் எதிரே குறுக்காக ஓடும் நேர்கோடு படத்தில் வில்லாக வளைந்துவிடும். உப்பளமோ முழுக்க முழுக்க நேர்கோடு. வரப்பு வளைந்தால் அது மரக்காணமே இல்லை. லென்ஸ் அசையாமல், தட்டையான நீளப் பிலிமில் எடுக்கும் கேமராக்கள் வேறு வகை. லின்ஹாஃப் நிறுவனத்தின் டெக்னோரமா 617 1976இலும், ஃபூஜியின் ஜி617 1983இலும் வந்தன. 120 பிலிமில் 17 செ.மீ. நீளத்துக்கு எடுப்பவை. அருமையான கருவிகள். இன்று பழையதாக வாங்கவும் லட்சக்கணக்கில் போகும், நம் கைக்கு எட்டாது. நான் உங்களிடம் கேட்கும் கேமரா அந்த இனத்தைச் சேர்ந்தது. லென்ஸ் நகராது, பிலிம் தட்டை, வரப்பு நேராகவே விழும். உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது.

நீளப்படம் நமக்குப் புதிது என்று நினைத்துவிடாதீர்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே சுருளாக்கினார். ஏறத்தாழ 19 அடி நீளம். மெழுகு பூசிய காகித நெகடிவை வைத்துக்கொண்டு, நம் வெயிலில், அந்த வேலை. எழுத்து ஓடும் வரை படமும் ஓட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கல் நகராது என்பதால் ஒட்டுவது அவருக்கு ஒத்துவந்தது. உப்பளத்தில் ஒத்துவராது.

இனி, எந்தக் கேமரா என்பது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். கடையில் இன்றும் கிடைக்கும் 120 பிலிமை அப்படியே ஏற்கும் கேமராவில் கை வைக்காதீர்கள். ஆக்ஃபா ஐசொலெட், ட்சைஸ் இகோண்டா, ஃபோக்ட்லண்டர் பெஸ்ஸா போன்றவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை. துடைத்து, ஷட்டரைச் சரிசெய்து அப்படியே படம் எடுங்கள். ஸ்பூலில் 620 என்று போட்டிருந்தாலும் வெட்ட வேண்டியதில்லை. பிலிம் அதேதான், ஸ்பூல் மட்டும்தான் மெலிது, இருட்டில் மாற்றிச் சுற்றிக்கொள்ளலாம். மாற்றிக் கட்ட வேண்டியது அநாதையாகிப் போன கேமராக்களை மட்டும்தான்: எந்த அளவுக்காகச் செய்யப்பட்டனவோ அந்தப் பிலிமே நின்றுபோனவை. அவற்றில் முதலிடம் கோடாக் நம்பர் 3ஏ வகைக்கு. 1903இல் வந்தது. தபால் அட்டை அளவில், அதாவது மூன்றேகாலுக்கு ஐந்தரை அங்குலத்தில் படம் தரும். அதற்கான 122 பிலிம் 1971இல் நின்றது. அடுத்தது 116, 616 எண் போட்டவை. அவற்றின் பிலிம் 1984 வரை வந்தது. இவற்றில் 120 பிலிமைப் போட்டால் 11 செ.மீ. நீளம் கிடைக்கும், ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம். 3ஏ கேமராவில் 14 செ.மீ., ஒன்றுக்கு இரண்டரை. ஒரு ரோலில் நான்கு படம்தான். அந்த நான்கு போதும், எடுக்கும்முன் யோசிக்க வைக்கும்.

வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. 120 ஸ்பூல் பழைய ஸ்பூலைவிடக் குட்டை. அதன் இரு முனையிலும் பொருந்தும் அடாப்டர் வேண்டும். லேத் பட்டறையில் நைலான் கம்பியைக் கடைந்து வாங்கலாம், 3டி பிரிண்டரில் அச்சிட்டும் கொள்ளலாம். முறுக்கும் சாவி பிடிக்கும் முனையில் காடி சரியாக விழ வேண்டும், அவ்வளவுதான். கஷ்டம் அடுத்த கட்டத்தில். பழைய சட்டத்தின் உயரம் 83 மி.மீ., நம் பிலிமில் படம் விழும் உயரம் 56 மி.மீ. ஓரத்தில் தாங்க ஒன்றும் இல்லாவிட்டால் பிலிம் நடுவில் குழிந்து, அடிவானம் ஓரிடம் தெளிவாகவும் ஓரிடம் மங்கலாகவும் வரும். அதனால் மெல்லிய பித்தளைத் தகட்டில் சட்டம் வெட்டி, பிலிமின் இரு ஓரமும் அதன் மேல் வழுக்கி ஓடும்படி தண்டவாளம் அமைக்க வேண்டும். தகடு வைத்ததும் பிலிம் கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கும். போகஸ் அளவுகோல் பொய் சொல்லத் தொடங்கும். தண்டவாளத்தின் மேல் பட்டர் பேப்பரை இழுத்து ஒட்டி, ஷட்டரைத் திறந்து வைத்து, தூரத்துப் பனைமரம் எங்கே கூர்மையாகிறது என்று பூதக்கண்ணாடியால் பார்த்துப் புதிய குறி போடுங்கள். அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

எதையும் துளையிட வேண்டாம், ரம்பம் வைக்க வேண்டாம், நிரந்தரமாக ஒட்டவும் வேண்டாம். தகடும் அடாப்டரும் கழற்றி எடுக்கக்கூடியவையாக இருக்கட்டும். நாளைக்கு உங்கள் மகள் அந்தக் கேமராவைத் தாத்தா வைத்திருந்தபடியே பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு நிமிடத்தில் பார்க்க முடிய வேண்டும். 90 மி.மீ. லென்ஸ் போட்டால் அகலம் கூடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். உண்மைதான். 3ஏ கேமராக்கள் பலவற்றில் இருக்கும் 170 மி.மீ. லென்ஸ் சுமார் 45 டிகிரிதான் பார்க்கும், 90 மி.மீ. போட்டால் 75 டிகிரியைத் தாண்டும். ஆனால் லென்ஸ் அவ்வளவு பின்னால் உட்கார வேண்டுமென்றால் துருத்தியையும் முன்கதவையும் எடுத்தெறிந்து வேறு பெட்டி கட்ட வேண்டும். மடங்காத ஃபோல்டிங் கேமரா எதற்கு? பழைய லென்ஸையே வைத்துக்கொள்ளுங்கள். 45 டிகிரி என்பது நாம் வரப்பில் நின்று நிதானமாகப் பார்க்கும் அளவுதான். உப்பு வாருகிறவரை அது எறும்பாக்கிவிடாது.

83 மி.மீ. உயரத்தில் 56ஐ எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. கேமராவுக்குள் படம் தலைகீழாக விழும். ஆகவே மேலே மெல்லிய அடாப்டரும் கீழே தடித்த அடாப்டரும் போட்டுப் பிலிமை மேல்பக்கம் ஒதுக்கினால், கேமராவைச் சாய்க்காமலேயே தரை அதிகம் வரும். அடிவானம் படத்தின் மேற்பகுதியில் போக, பாத்தியில் தேங்கிய நீர் முழுக்கக் கீழே விரியும். கொத்தனார் வைத்திருக்கும் சின்ன ரசமட்டம் ஒன்றைக் கேமராவின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீளப்படத்தில் அடிவானம் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கண்ணில் குத்தும்.

சில சங்கதிகள் பழைய கேமராவுக்கே உரியவை. பின்னால் இருக்கும் சிவப்பு ஜன்னல், சிவப்பு வெளிச்சம் உறைக்காத அந்தக் காலப் பிலிமுக்காக வைத்தது. இன்றைய பிலிமுக்குச் சிவப்பும் உறைக்கும். கறுப்பு டேப் ஒட்டி மூடிவிட்டு, சாவியை எத்தனை சுற்று சுற்றினால் அடுத்த படம் என்று பழைய பின்தாள் ஒன்றைப் போட்டு எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ரோல் போகப் போகச் சுருள் தடிப்பதால் சுற்று குறைந்துகொண்டே வரும். 1914க்குப் பிந்திய கோடாக்கில் பின்பக்கம் ஒரு சிறு கதவு இருக்கலாம். அதைத் திறந்து பின்தாளின் மேல் எழுத்தாணியால் எழுதும் தேதியும் பெயரும் பிலிமில் பதியும் ஆட்டோகிராஃபிக் வசதி அது. பிலிமும் தாளும் அதற்கென்றே செய்யப்பட்டிருந்தன, இப்போது வராது. ஓரத்தில் வெளிச்சம் கசியாமல் அடைத்துவிடுங்கள். துருத்தியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க இருட்டறையில் போன் டார்ச்சை உள்ளே விட்டால் போதும். மடிப்பு மூலைகளில்தான் நட்சத்திரம் தெரியும். கறுப்பு ஃபேப்ரிக் பெயின்ட் மெல்லிசாகப் பூசி, விரித்த நிலையிலேயே நன்றாகக் காயவிடுங்கள்.

லென்ஸ் வளையத்தில் 4, 8, 16, 32, 64 என்று எண்கள் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது யு.எஸ். என்ற பழைய அளவு. அதில் 4 என்றால் இன்றைய எப் 8, 8 என்றால் எப் 11. 16 மட்டும் இரண்டிலும் ஒன்று. 32 என்றால் எப் 22. இந்த 32இல் வைத்து, 45 அடியில் போகஸ் நிறுத்தினால், சுமார் 23 அடியிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். மறுபடி போகஸ் தொடவே வேண்டாம். கைகள் இரண்டும் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வெளிச்சம் அளப்பது பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும், இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அதுதான். சித்திரை வெயிலில் உப்பளம் கண்ணைக் கூசவைக்கும். 100 வேகப் பிலிம் போட்டு, அந்த 32ஐயும் நொடியில் நூறில் ஒரு பங்கையும் வைத்தால் உப்பு வெள்ளைவெளேரென்று, ஒவ்வொரு பரலும் தெரிய வரும். பார்ப்பவர்கள் ஆகா என்பார்கள். ஆனால் உப்பு வாருகிறவரின் முகம்? ஏற்கெனவே கறுத்த முகம், தலையில் துண்டு, அதன் நிழல். படத்தில் அங்கே ஒரு கறுப்புப் புள்ளிதான் இருக்கும். மரக்காணம் உப்பளத்தைப் பற்றி வரும் படங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான்: ஜொலிக்கும் உப்பு, முகமில்லாத ஆள். மீட்டரில் அளந்தாலும் ஆபத்துதான். சுற்றியிருக்கும் வெள்ளையைப் பார்த்து அது இன்னும் குறைக்கச் சொல்லும். முகத்துக்கு அளந்து எடுங்கள். ஐம்பதில் ஒரு பங்கு நொடி கொடுங்கள், நிழல் ஆழமாக இருந்தால் இருபத்தைந்தில் ஒன்று. பிலிம் தாங்கும். கழுவும்போது டெவலப்பர் நேரத்தைச் சற்றுக் குறைத்தால் உப்பும் வெளுத்துப்போகாது. உங்கள் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டிக்காரர்களை எடுத்தே தொழில் நடத்தியவர்கள் அவர்கள். வேட்டி மடிப்பும் முகமும் ஒரே நெகடிவில் வராவிட்டால் யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள்.

பழைய லென்ஸ்களுக்குப் பூச்சு கிடையாது என்பதால் உப்பின் எதிரொளி உள்ளே புகுந்து படத்தை வெளிறடிக்கும். கறுப்பு அட்டையில் ஒரு குழல் செய்து லென்ஸுக்கு மாட்டுங்கள். காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் மாலை நாலரைக்குப் பிறகு, வெயில் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். வேலையும் அநேகமாக அந்த நேரங்களில்தான் மும்முரம். உப்புக்காற்று ஷட்டரின் மெல்லிய இதழ்களைத் தின்றுவிடும், ஈரக்காற்று லென்ஸில் பூஞ்சை வளர்க்கும். வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரம் காட்டிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலரவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள். பீரோவில் துணிகளுக்கு நடுவே தோல் உறையோடு வைப்பதுதான் இந்தக் கடற்கரையில் கேமராவைக் கொல்லும் நிச்சயமான வழி.

பாத்திக்குள் இறங்காமல் வரப்பில் நடங்கள். எடுக்கும் முன் கேளுங்கள், எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதற்கு இந்தக் கேமரா நல்ல வசதி. 14 செ.மீ. நெகடிவை என்லார்ஜரில் ஏற்றத் தேவையில்லை. கண்ணாடிக்கு அடியில் பேப்பரோடு சேர்த்து வைத்து வெளிச்சம் காட்டினால் அதே அளவில் பிரின்ட் வந்துவிடும், தபால் அட்டையின் நீளம். ஒரு கூட்டு வேலைக்காரர்கள் பத்துப் பேர் வரிசையாக நின்றால் பத்து முகமும் அடையாளம் தெரியும். இதுவரை அங்கே எடுக்கப்பட்ட படங்களில் எத்தனை அந்த வீடுகளின் சுவரில் மாட்டியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பிலிம் விலை உங்களைப் பயமுறுத்தும். எனக்கும் அது ஆறாத வருத்தம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவி, 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த நாளில் இந்து என்ற பெயரில் நம் மாநிலத்துப் பிலிம் ஊர் ஊராக விற்றது. உங்கள் அப்பாக்கள் அதில்தான் பாஸ்போர்ட் படமும் காதுகுத்துப் படமும் எடுத்தார்கள். அந்த ஆலை மூடிய பிறகு ஒவ்வொரு ரோலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கி, வீட்டிலேயே கழுவிக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம். டெவலப்பிங் டேங்க் உங்கள் வீட்டில் எங்காவது கிடக்கும்.

கேமராவைத் தேடிப் பரணில் ஏறும்போது கண்ணாடித் தட்டுகளும் நெகடிவ் டப்பாக்களும் கைக்கு வரும். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆபத்திலுள்ள ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி டிஜிட்டலாக்கியிருக்கிறது. அவர்கள் போய்ச் சேரும் முன்பே எத்தனையோ ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் முகங்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. உங்களிடம் மிஞ்சியிருப்பதைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேமராவின் பின்கதவைத் திறக்கும் முன் சாவியை மெதுவாகத் திருகிப் பாருங்கள். இழுவை தெரிந்தால் உள்ளே ரோல் இருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சத்தில் திறக்காதீர்கள். இருட்டில் முழுக்கச் சுற்றி எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து வையுங்கள். நாற்பது ஐம்பது வருடம் கழித்தும் மங்கலாகவாவது படம் வரக்கூடும். அதைக் கழுவுவதற்குத் தனிப் பக்குவம் இருக்கிறது, கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

மாசி மாதத்துக்குள் கேமராவை இங்கே கொண்டுவந்தால் பங்குனி, சித்திரையில் உப்பளத்தில் முதல் ரோல் ஓட்டிப் பார்க்கலாம்; ஐப்பசி மழை வரும்வரை வேலை நடக்கும். வரும்போது பழைய ஸ்பூலையும் மறக்காமல் எடுத்துவாருங்கள், அதை அளந்துதான் அடாப்டர் கடைய வேண்டும். ஸ்பூல் தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, அறையின் அளவை வைத்துச் செய்துகொள்ளலாம். கூலி என்று ஒன்றும் வேண்டாம். பித்தளைத் தகடும் லேத் செலவும் உங்களுடையது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்,
கீழ்புத்துப்பட்டு